வருகையின் நோக்கம்: சுற்றுலா

1

எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு என் மகன் எங்களுக்கு அரை நாளை வாங்கிக் கொடுத்தான். பிரான்ஸின் தென்கரையில் நீஸ் என்ற நகரம். அதற்குப் பின்னால் இருக்கும் மலைகளில், உச்சிப் பாறைகளோடு பாறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஊர்கள் மூன்று. எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு கார், ஓர் ஓட்டுநர். காலையில் ஓட்டல் வாசலில் ஏற்றிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் இறக்கிவிடுவார்கள். முழு நாள் திட்டமும் இருந்ததாம். வயதானவர்களுக்கு அரை நாளே போதும் என்று முன்பு போய்வந்த யாரோ எழுதியிருந்தார்களாம்.

பரிசை அறிவித்த அன்று மாலையே அதற்கான காரணமும் தெரிந்தது. ஷார்ஜாவில் நாங்கள் குடியிருக்கும் அல் நஹ்தா கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில், எஞ்சினை அணைக்காமல் செந்தில் சொன்னான்.

“அப்பா, நாங்க கனடா போறது அம்மாவுக்கு இன்னும் தெரியாது.”

“தெரியாதுங்கறது எனக்குத் தெரியும்.”

“நீங்க சொல்லிடுங்களேன். அங்க மலை, கடல் எல்லாம் இருக்கும். நல்ல மூட்ல இருப்பாங்க.”

“நீ ஏன் சொல்லலை?”

“நான் சொன்னா அழுவாங்கப்பா.”

“நான் சொன்னா?”

கொஞ்சம் யோசித்தான். “நீங்க சொன்னா ப்ரொசீஜர் மாதிரி இருக்கும்.”

என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. செய்தி இதுதான்: மார்ச்சில் பள்ளிப் பரீட்சை முடிந்ததும் செந்தில், மருமகள் ரம்யா, பேத்தி தியா மூவரும் கனடாவுக்கு நிரந்தரமாகப் போகிறார்கள். நாங்கள் இருவரும் சேலத்துக்குப் போகிறோம். தியா கே.ஜி. வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் அவளுக்கு ஜடை பின்னி, பள்ளிப் பேருந்து வரும்வரை கீழே நின்று ஏற்றிவிடுகிறவள் என் மனைவி விஜயா. அவளிடம் இதைச் சொல்ல வேண்டும். மூன்று ஊர்கள், அரை நாள்.

2

நான் ஓய்வு பெற்ற நிர்வாக அதிகாரி. துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மற்றவர்களுடைய விசாக்களைப் பார்த்துக்கொள்வதே என் வேலையாக இருந்தது. ஆளை வரவழைப்பது, முத்திரை வாங்குவது, புதுப்பிப்பது, ரத்து செய்வது, செத்தால் அனுப்பிவைப்பது. இங்கே இறந்தவரும் விசாவை ரத்து செய்துவிட்டுத்தான் விமானம் ஏற முடியும். அதற்கும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையிலும் நான் நின்றிருக்கிறேன்.

ஒரு காலத்தில் செந்தில் என் ஸ்பான்சரில், அதாவது நான் பொறுப்பேற்று வாங்கிய விசாவில், இருந்தான். ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் அவனுடைய ஸ்பான்சரில் வந்தோம். பெற்றோருக்கு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போதெல்லாம், இவர்களை ஊரில் கவனித்துக்கொள்ள வேறு யாரும் இல்லை, நான் ஒருவனே ஆதரவு என்று மகன் சத்தியம் செய்து, தூதரகத்தில் முத்திரை வாங்கித் தர வேண்டும். முதல் முறை அதைக் கேட்டபோது விஜயா சிரித்தாள். “நம்மள அநாதைன்னு எழுதி வாங்கறாங்களா?” என்றாள். சும்மா ஒரு வழக்கம்தான் என்றேன். அப்போது சேலத்தில் அவளுடைய அண்ணன் இருந்தார், என் தம்பி இருந்தான். இப்போது அங்கே எங்கள் அழகாபுரத்து வீடு மட்டும் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில் ஒரு டியூஷன் சென்டர் நடக்கிறது.

குடும்பம் என்றால் யார் யார் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வரையறை இருக்கிறது. அமீரகத்தின் வரையறைக்குள் நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை நுழைந்துகொண்டிருந்தோம். கனடாவின் வரையறையில் கணவன், மனைவி, பிள்ளைகள். பெற்றோருக்குத் தனி வழி உண்டு, அது குலுக்கல். குலுக்கலில் பெயர் விழுந்தாலும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் வயதில் காத்திருப்பதற்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

இன்னும் ஒரு சிக்கல். செந்திலின் வேலை முன்னதாகவே முடிகிறது. பரீட்சை முடியும்வரை அவனும் குழந்தையும் ரம்யாவின் விசாவுக்கு மாறிக்கொள்வார்கள். அவள் ஒரு கிளினிக்கில் பில்லிங் பிரிவில் இருக்கிறாள். மாமனார் மாமியாரை அவள் கணக்கில் ஏற்ற வழியில்லை. சார்ந்திருப்பவர்களை முதலில் ரத்து செய்தால்தான் ஸ்பான்சரை ரத்து செய்ய முடியும். ஆக, எல்லாருக்கும் முன்னால் நாங்கள் கிளம்ப வேண்டும். பரீட்சைக்கும் முன்னால்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியுமா என்று பல நாள் பார்த்தேன். கிடைக்கவில்லை. நான் போட்டிருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பேன்.

3

நீஸில் ஓட்டல் வாசலில் கறுப்புக் கார் வந்து நின்றது. ஓட்டுநர் கையில் ஒரு தாளோடு இறங்கி என் பெயரைச் சிரமப்பட்டுப் படித்தார். நான் கோட்டுக்குள் கையை விட்டு எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அவர் ஏறவில்லை. பாஸ்போர்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வெளியிலேயே நின்றார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

“இது எனக்கு எதற்கு, சார்?”

வண்டியோடும் தாளோடும் ஒருவர் வந்து நம் பெயரைப் படித்தால் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும். வளைகுடாவில் இறங்கிய முதல் நாள் இரவு அப்படித்தான் கொடுத்தேன். பிறகு எத்தனையோ பேரிடம் நானே அப்படி வாங்கியிருக்கிறேன். கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

“எங்கிட்ட குடுங்க” என்று விஜயா வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். “பிரான்ஸ்லயும் கம்பெனிகிட்ட ஒப்படைக்கணுமாக்கும். நல்லவேளை, என்னையும் கையெழுத்து வாங்கிட்டுக் குடுக்கலை.”

சமாளிப்பதற்காக, ‘முடிந்தது, போகலாம்’ என்ற பொருளில் அரபியில் “கலாஸ், யல்லா” என்றேன். ஓட்டுநர் துள்ளித் திரும்பினார். பெயர் நூருத்தீன், துனீசியாக்காரர். நாற்பது வருடங்களாகச் சேர்த்து வைத்த என் அரபியை அவரிடம் கொட்டினேன். அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

“தப்பா நினைக்காதீங்க, சார். எங்க டிவி காமெடியில துபாய் வேலைக்காரன்னு ஒருத்தன் வருவான். உங்க அரபி அசல் அவனோடதுதான்!”

அமீரகத்தில் அரபிகள் யாரும் இதை என்னிடம் சொன்னதில்லை. அவர்கள் மரியாதையானவர்கள். அல்லது நான் பேசியதை அவர்கள் கேட்கவே இல்லை.

4

முதல் ஊர் சாம் போல். கோட்டை மதிலுக்குள் கல் சந்துகள், இரு பக்கமும் ஓவியக் கடைகள். தை மாதம் என்பதால் கூட்டமில்லை. பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. தரையில் கூழாங்கற்களைப் பூ வடிவத்தில் பதித்திருந்தார்கள். விஜயா அதை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தாள், யார் வீட்டு வாசல் கோலமோ என்பதுபோல.

“எவ்வளவு சுத்தம் பாருங்க. ஒரு துணி காயலை. ஒரு குக்கர் சத்தம் இல்லை. இங்க யாருதான் குடியிருக்கா?”

ஊரின் கடைசியில், மதிலை ஒட்டிச் சின்ன கல்லறைத் தோட்டம். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கும் தூரத்தில் கடலும் தெரிகின்றன. ஊரிலேயே நல்ல காட்சி இறந்தவர்களுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. இங்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன்.

அப்போது என் கைபேசி அடித்தது. தியா. பள்ளி விட்டு வந்திருப்பாள்.

“தாத்தா, டிட் யூ டெல் ஹர்?” என்றாள், எடுத்த எடுப்பில்.

பத்து வயதுக் குழந்தைக்கும் தெரிந்திருக்கிறது. அவளிடமும் சொல்லி, பாட்டியிடம் சொல்லாதே என்றும் சொல்லியிருக்கிறார்கள். கைபேசியைக் காதோடு இறுக்கிக்கொண்டு, “நாட் யெட்மா” என்றேன்.

“ஓகே, பை. டெல் ஹர் நைஸ்லி.”

“என்னவாம்?” என்றாள் விஜயா.

“பனி கொட்டுதான்னு கேக்கறா.”

“பனியா? அதைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை அவளுக்கு. ஒரு தடவை கூட்டிட்டுப் போகணுங்க அந்தப் புள்ளைய.” கைப்பையைத் திறந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். அது ஷார்ஜாவிலிருந்து வந்த பழம். மலைப்பாதைக்காகக் கொண்டு வந்திருந்தாள். “அடுத்த ஊர் எவ்வளவு தூரமாம்? வளைவு ஜாஸ்தியா?”

நான் எழுந்துகொண்டேன்.

5

வளைவு ஜாஸ்திதான். எங்களுக்குக் கல்யாணமான மறுவாரம் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓர் அரை நாள் போனோம். வாடகை அம்பாசடர். தனிப்பட்ட பயணம் என்று நான் நினைத்திருந்தேன். மாமனார், மாமியார், அவளுடைய இரண்டு தங்கைகள், பிளாஸ்கோடு ஒரு சித்தி என்று வண்டி நிறைந்துவிட்டது. நான் முன் சீட்டில் ஓட்டுநரின் முழங்கையை விலாவில் வாங்கிக்கொண்டு போனேன். பாதி கொண்டை ஊசி வளைவுகள் தாண்டுவதற்குள் விஜயா மூன்று முறை இறங்கி வாந்தி எடுத்தாள். ஏரிக்கரையில் ஒரே ஒரு போட்டோ எடுத்தோம். அதில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கையில் எலுமிச்சம்பழத்தோடு நிற்கிறாள். மலையைப் பார்த்தாயா என்று பிற்பாடு கேட்டேன். “பழத்தைத்தான் பார்த்தேன்” என்றாள்.

அதற்கு அடுத்த மாதம் எனக்கு விசா வந்தது. அதன் பிறகு எங்கள் விடுமுறைகள் எல்லாம் சாவு, கல்யாணம், பத்திரப்பதிவு என்று போயின. சும்மா பார்ப்பதற்காக ஓர் இடத்துக்குப் போவது நாற்பது வருடங்களில் இது இரண்டாவது முறை.

இரண்டாவது ஊர் தூரெத். வழியெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தொங்கும் மரங்கள். இதைப் பார்க்கவே குளிர்காலத்தில் ஆட்கள் வருவார்கள் என்றார் நூருத்தீன். விஜயா இலையைக் கிள்ளிப் பார்த்தாள்.

“இது நம்ம வேலமரத்துக்குச் சொந்தக்காரனாட்டம் இருக்குங்க. ஊர்ல இதை வெட்டி விறகாக்குவாங்க. இங்க வந்ததும் பாருங்க, கார் வச்சுக் கூட்டிட்டு வந்து காட்டறாங்க.”

சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவள் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். நூருத்தீனுக்கும் ஒரு கரண்டி வைத்தாள். அவர் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். சுற்றிலும் கல் வீடுகள். ஜன்னல் மரக்கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன.

“இவங்கெல்லாம் எங்கன்னு கேளுங்க” என்றாள்.

கேட்டேன். வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், ஆகஸ்டில் வருவார்கள் என்றார் நூருத்தீன். “முன்னால இருந்த வயசானவங்க?” அவர்களைப் பிள்ளைகள் கீழே கடலோரத்து அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேலே மருத்துவமனை இல்லை, படிகள் அதிகம். “வீடு மட்டும் அழகா இருக்கு” என்றார்.

“பாவம்” என்றாள் விஜயா. “நமக்கு அந்தக் கவலை இல்லை. செந்தில் இருக்கான். இன்னும் ரெண்டு வருஷத்துல தியா பெரியவளாயிடுவா. அப்பவும் ரம்யா வேலைக்குத்தான் போவா, வீட்டுல நான் இருக்கணும்ல.” டிபன் பாக்ஸை மூடினாள். “வர்ற ஏப்ரல்ல அவளுக்குப் புது பேக் வாங்கணும். வார் பிஞ்சுடுச்சு.”

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். நான் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு போய்க் குழாயில் கழுவினேன். அதை நான் என் வாழ்நாளில் கழுவியதில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

மூன்றாவது ஊர் கூர்தோன். செங்குத்துப் பாறையின் நுனியில் ஊர் முடிகிறது; அங்கே ஒரு கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் ஒன்றுமில்லை. மிகக் கீழே ஆறு, நெடுந்தூரத்தில் கடல். காற்று காதை அறுத்தது. எங்களைத் தவிர யாரும் இல்லை. நூருத்தீன் கார் பக்கத்திலேயே நின்று புகைத்துக்கொண்டிருந்தார்.

விஜயா கடலைப் பார்க்கவில்லை. மஃப்ளரைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“என்னங்க, உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் ஏதும் சொன்னாரா? காலையிலேர்ந்து தொண்டையையே செருமிட்டிருக்கீங்க.”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப சொல்லுங்க.”

சொன்னேன். என் மகன் எதிர்பார்த்தபடியே சொன்னேன். முதலில் செந்திலின் ராஜினாமா, பிறகு ரம்யாவின் விசாவுக்கு மாற்றம், பிறகு பள்ளியில் டி.சி., பிறகு வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு, பிறகு கனடா. நடுவில் எங்கே எங்கள் விசா ரத்தாகிறது என்பதையும் வரிசை பிசகாமல் சொன்னேன். காற்றுக்காகக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலகத்தில் தொழிலாளிகளுக்கு விளக்கும் குரலே வந்தது.

அவள் அழவில்லை. சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“தியாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பனி கேக்கலை அவ.”

“இல்லை.”

பிறகு கேட்டாள்: “வருஷா வருஷம் எழுதிக் குடுத்தோமே, ஊர்ல எங்களைப் பார்க்க யாருமில்லைன்னு. அது சும்மா ஒரு வழக்கம்னீங்க.”

“அப்ப வழக்கம்தான்.”

“இப்ப?”

நான் குனிந்து கீழே ஆற்றைப் பார்த்தேன். அவளே அதை விட்டுவிட்டாள்.

“சரி, போறவங்க போகட்டும். அவங்களை ஏத்திவிட்டுட்டு, வீட்டைப் பெருக்கிப் பூட்டிட்டு, நாம கிளம்பலாம்.”

“அப்படி முடியாது விஜயா. நாமதான் முதல்ல. பரீட்சைக்கு முன்னாடியே.”

இதற்குத்தான் அவள் முகம் மாறியது. கனடாவுக்குக்கூட அவ்வளவு மாறவில்லை.

“அது எப்படிங்க? பெரியவங்க இருந்துதானே புள்ளைங்களை வழியனுப்பணும்? அதுங்க நின்னு நம்மள அனுப்பி வைக்குமா? பரீட்சை நேரத்துல அந்தப் புள்ளைக்கு யாரு தலை பின்னுவா?” என் கோட்டின் கையைப் பிடித்தாள். “ஊருக்கே விசா வாங்கிக் குடுத்தீங்க. எனக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு வழி தெரியாதா உங்களுக்கு?”

வழி இருந்தது. எப்போதும் இருக்கும். அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

“குடியிருப்பு விசா ரத்தானதும் டூரிஸ்ட் விசாவுக்கு மாறிக்கலாம். நாட்டை விட்டு வெளிய போகாமலே. ஆனா நீ அங்க டூரிஸ்ட்டுன்னு கணக்கு.”

“டூரிஸ்ட்டுன்னா, இங்க இப்ப இருக்கற மாதிரி?”

“ஆமா.”

“சமைக்கலாமா?”

“சமைக்கலாம்.”

“ஜடை பின்னலாமா?”

“அதுக்கு விசா வேண்டாம்.”

“அப்ப டூரிஸ்ட்டுன்னே எழுதிக் குடுங்க” என்றாள். சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தாள். இறங்கும் வழி முழுதும் கண்ணை மூடி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்திருந்தாள். வாந்திக்காகவா வேறெதற்காகவா என்று நான் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் ஓட்டலில் இறக்கிவிட்டார்கள். டூர் எப்படி இருந்தது என்று அன்று மாலை செந்திலின் செய்தி வந்திருந்தது. சொல்லியாயிற்று என்று பதில் போட்டேன். கைகூப்பும் படம் ஒன்று வந்தது.

7

ஷார்ஜாவில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து அனுப்பும் கடையில், கம்ப்யூட்டர் முன் இருந்த மலையாளிப் பெண் எங்கள் விவரங்களை அடித்துக்கொண்டே கேட்டாள்.

“அங்கிள், யு.ஏ.ஈ.க்கு ஃபர்ஸ்ட் டைமா?”

“இந்த வகையில ஃபர்ஸ்ட் டைம்தாம்மா.”

அவள் சிரித்துவிட்டு அடுத்த கட்டத்தை நிரப்பினாள். வருகையின் நோக்கம்: சுற்றுலா. இந்த நகரத்தின் பாதிக் கட்டடங்கள் எழும்புவதற்கு முன் வந்தவன் நான். அதைக் குறிப்பிட அங்கே கட்டம் எதுவும் இல்லை.

அந்த இரண்டு மாதமும் விஜயா தன் சமையலறையில் சுற்றுலாப் பயணியாக இருந்தாள். வழக்கம்போல் விடிவதற்கு முன் எழுந்தாள், பின்னினாள், பேருந்தில் ஏற்றினாள். தியா ஒருநாள் போனிடெயில் போதும் என்றாள். அங்கே போனால் தானே போட்டுக்கொள்ளப் பழக வேண்டுமாம். “அங்க போய்ப் பழகிக்கோ” என்று சொல்லி இரண்டு ஜடைகளாகப் பின்னிவிட்டாள்.

முந்தாநாள் இரவு விமான நிலையத்தில் அவர்களை ஏற்றிவிட்டோம். செந்தில் என் காலில் விழுந்தான். ரம்யா அழுதாள். தியா பாட்டியைக் கட்டிக்கொண்டு, “பாட்டி, என்ஜாய் யுவர் வெகேஷன், ஓகே?” என்றாள். அவள் கேலி செய்யவில்லை. எங்கள் விசா என்ன வகை என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் ஒருமுறை கையசைத்தாள். அதற்குள் ஒரு ஜடை அவிழ்ந்திருந்தது.

வீட்டில் இப்போது ஒரு மெத்தையும் இரண்டு பெட்டிகளும் இருக்கின்றன. சாவியைக் கட்டடக் காவலாளியிடம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கோயமுத்தூர் வரை விமானத்தில் போய், அங்கிருந்து சேலத்துக்கு நாளைக்கே கிளம்பிவிடலாமா என்று நேற்று விஜயாவிடம் கேட்டேன்.

“விசாவுக்கு இன்னும் நாள் இருக்குல்ல?”

“இருக்கு.”

“டூரிஸ்ட்டுன்னு எழுதிக் குடுத்திருக்கோம். எதையாவது பார்த்துட்டுப் போவோம்.”

ஒருவேளை துபாயின் அந்த உயரமான கோபுரத்தைச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். இத்தனை வருடங்களில் நாங்கள் அதில் ஏறியதில்லை.

இன்று காலை எழுந்தபோது அவள் பக்கத்தில் இல்லை. பால்கனிக்குப் போனேன். கீழே, வழக்கமான இடத்தில், குடியிருப்பின் பிள்ளைகளோடு நின்றிருந்தாள். புதிய வகுப்புகள் தொடங்கிய நாள். பள்ளிப் பேருந்து வந்தது. கதவு திறந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். உள்ளிருந்து ஆயா எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். விஜயா இல்லை என்று தலையசைத்தாள். கதவு மூடியது. பேருந்து வளைவில் திரும்பும்வரை நின்றுவிட்டு மேலே வந்தாள்.

“பார்த்தாச்சு” என்றாள். “கோயமுத்தூருக்கு டிக்கெட் போடுங்க.”